ஐவிஐஜி: வைவாவில் என்னைத் திணறடித்த கேள்வி

வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் ஐவிஐஜியின் (ரத்தக்குழாய் வழியே ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) பக்கவிளைவுகளைக் கேட்டதும் அனஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான அலர்ஜி), கிட்னி ஃபெயிலியர், த்ராம்போசிஸ் (ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைவது), மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறை அழற்சி), ஹீமோலிசிஸ் (சிவப்பணுக்கள் உடைவது) என்று மடமடவென ஒப்பித்தேன். தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "கில்லன் பாரி (உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) நோயாளி. ரத்தம் ஏபி குரூப். ஐந்து நாள் ஐவிஐஜி கோர்ஸ் முடிந்து ஹீமோகுளோபின் 12-லிருந்து 8-க்கு வந்துவிட்டது, சிறுநீர் கட்டன் டீ நிறம். குரூப்பை எதற்குச் சொன்னேன்?"

வாயடைத்துப் போனேன். ஹீமோலிசிஸ் என் பட்டியலில் இருந்தது. ஏன் வருகிறது என்பதுதான் இல்லை.

விடை பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாரிப்பது ஐவிஐஜி. கொடுத்தவர்களில் ஓ குரூப்காரர்களும் உண்டு. ஏ, பி குரூப் சிவப்பணுக்களைத் தாக்கும் அவர்களுடைய ஆன்டிபாடிகளான ஆன்டி-ஏ, ஆன்டி-பி கூடவே வரும். ஏபி நோயாளியின் சிவப்பணுக்களுக்கு இரண்டுமே பகை. மொத்த டோஸ் கிலோவுக்கு 2 கிராம் என்னும்போது வாய்ப்பு கூடுகிறது. சிவப்பணுக்களில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் டைரக்ட் கூம்ஸ் டெஸ்ட் பாசிட்டிவாக வரும்.

அன்றிரவே பழைய நோட்ஸை மூடிவிட்டு, 'பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?' என்று தலைப்பிட்டுப் புதிதாக எழுதினேன். சில தயாரிப்புகளில் சுக்ரோஸ்: கிட்னியின் ப்ராக்ஸிமல் ட்யூப்யூல் செல்கள் அதை விழுங்கும், உடைக்க என்சைம் கிடையாது, தண்ணீரை இழுத்து வீங்கும். ஏற்கெனவே கிரியாட்டினின் (கிட்னி பழுதைக் காட்டும் ரத்த அளவு) ஏறியிருப்பவருக்கு சுக்ரோஸ் இல்லாததைத் தேடுவது இதனால்தான். ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபேக்டர் 11ஏ கலந்திருந்தால் ரத்தம் உறையும். 2010-இல் ஆக்டகாம் என்ற ஐவிஐஜி பிராண்டு திரும்பப் பெறப்பட்டதன் பின்னணி அதுதான். த்ராம்போசிஸ் அபாயத்துக்கு எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) எல்லா இம்யூன் குளோபுலின்களுக்கும் (ஐவிஐஜி போன்ற ஆன்டிபாடி மருந்துகள்) பாக்ஸ்டு வார்னிங், அதாவது லேபிளில் கட்டம் கட்டிய எச்சரிக்கை, கேட்டது 2013-இல். ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகையும் மிகச் சிறிதளவு இருக்கும். ஐஜிஏ இல்லாமல் அதற்கு எதிரான ஆன்டி-ஐஜிஏ மட்டும் உள்ளவருக்கு அதுவே போதும், அனஃபிலாக்சிஸ் வர.

பக்கத்தில் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அனஃபிலாக்சிஸ் நிமிடங்களில், டிராலி (ரத்தப் பொருள் ஏற்றியதால் வரும் நுரையீரல் பாதிப்பு) ஆறு மணி நேரத்துக்குள், ஏசெப்டிக் (கிருமியில்லாத) மெனிஞ்சைட்டிஸ் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள், ஹீமோலிசிஸ் அதற்கும் பிந்தி. மெனிஞ்சைட்டிஸில் ஒரு பொறி உண்டு: சிஎஸ்எஃப்பில் (மூளை-தண்டுவட நீர்) நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் குவிந்து அசல் பாக்டீரியா மாதிரியே இருக்கும், கல்ச்சரில் ஒன்றும் வளராது. மைக்ரேன் உண்டா என்று முன்பே கேட்டு வைப்பதும், டிரிப்பை மெதுவாக ஓட்டுவதும் இங்கே உதவும்.

எனக்கு அடுத்துப் போன தோழியிடம் ஐவிஐஜி வாங்கிய கவாசாகி (ரத்தக்குழாய் அழற்சி நோய்) குழந்தைக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) எப்போது என்று கேட்டார்களாம். ஏற்றிய ஆன்டிபாடிகள் தடுப்பூசியை வேலை செய்யவிடாது என்பதால், கிலோவுக்கு 2 கிராம் டோஸுக்குப் பிறகு 11 மாதம். அவள் சொல்லிவிட்டாள், எனக்கு வந்திருந்தால் அதிலும் விழித்திருப்பேன்.