நாலு சிலிண்டர் ஸ்விஃப்ட்டும் மதுரை உப்புத் தண்ணியும்

செகண்ட் ஹேண்டில் நாலு சிலிண்டர் மாருதி ஸ்விஃப்ட் வாங்கலாமா, இல்லை இன்னும் கொஞ்சம் காசு போட்டு புது மூணு சிலிண்டரையே எடுத்துடலாமா என்று அக்கா வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். போனில் சொன்னால் பாதிதான் காதில் ஏறும், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன், அவருக்கும் ஆச்சு, இதே கேள்வியோடு அலைகிற மற்றவர்களுக்கும் ஆச்சு. எதை வேணும்னாலும் வாங்குங்க மாமா, ரெண்டுமே நல்ல இன்ஜின்தான். பழைய வண்டி என்றால், முன்னாடி வைத்திருந்தவர் அதில் என்ன ஆயில் ஊத்தினார், ரேடியேட்டரில் என்ன தண்ணி ஊத்தினார் என்பதை மட்டும் விடாமல் விசாரியுங்கள்.

முதலில் கணக்கு. நாலு சிலிண்டர் என்று நான் சொல்வது கே12என் என்கிற இன்ஜின், டூயல்ஜெட் என்று பெயர் போட்டு வந்தது. 2020 மார்ச்சில் டிசையரில் வந்தது, 2021 பிப்ரவரியில் ஸ்விஃப்ட்டில். 1197 சிசி, சிலிண்டர் விட்டம் 73 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்) 71.5 மிமீ, கம்ப்ரஷன் (கலவையை அழுத்துகிற விகிதம்) 12:1. 6000 ஆர்பிஎம்மில் 90 பிஎஸ் பவர், 4400-ல் 113 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. அதற்கு முந்தைய கே12எம் 83 பிஎஸ், டார்க் அதே 113. 2024 மே மாதம் வந்த புது ஸ்விஃப்ட்டில் இசட்12இ, அதே 1197 சிசியை மூணு சிலிண்டரில் அடைத்து, ஸ்ட்ரோக்கை நீட்டி, 82 பிஎஸ். பவர் குறைந்துவிட்டது என்று டீக்கடை வரை புலம்பல். ஆனால் மைலேஜ் சோதனைக் கணக்கில் மேனுவலுக்கு லிட்டருக்கு 23.20 கிலோமீட்டரிலிருந்து 24.80 ஆக ஏறியிருக்கிறது, அதற்காகத்தான் ஒரு சிலிண்டரைக் கழற்றினார்கள், உரசுகிற பாகம் குறைந்தால் வீணாகிற பெட்ரோலும் குறையும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசாக ஒரு நடுக்கம் தெரியும், அவ்வளவுதான். எனக்கு நாலு சிலிண்டரின் அந்த வழவழப்புதான் பிடிக்கும், அது என் ஆசை, அதை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம்.

இந்த எண்களில் பலரும் கவனிக்காமல் விடுவது 4400 என்பதைத்தான். டார்க் முழுசாக வருவது அங்கேதான். நம்ம ஊரில் டிரைவிங் ஸ்கூலில் வண்டி நகர்ந்ததும் கியரை மேலே தூக்கு, மேலே தூக்கு என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள், அது பழைய டீசல் வண்டிக்குச் சரி. டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜினை நாலாவது கியரில் 1200 ஆர்பிஎம்மில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் அது இழுக்காது, திணறும், கம்ப்ரஷன் 12:1 இருக்கிற இன்ஜினில் அப்போதுதான் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுகிற சத்தம்) வரப் பார்க்கும், நாக் சென்சார் அதைப் பிடித்து இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழுகிற நேரத்தை, பின்னால் தள்ளும், பவர் இன்னும் குறையும். கீழ் கியருக்கு வாருங்கள். மூவாயிரம் நாலாயிரம் ஓடினால் இன்ஜின் கெட்டுப்போகாது, ஓடுவதற்காகத்தான் செய்திருக்கிறார்கள்.

கொடைக்கானலுக்கு ஏறும்போது இது இன்னும் நன்றாகத் தெரியும். வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டில் மலை ஆரம்பிக்கும்போது இருந்த வண்டி பெருமாள்மலைக்கு மேலே போகப் போக மந்தமாகிவிடும், நாலு பேர், டிக்கி முழுக்க சாமான், ஏசி வேறு. உடனே பெட்ரோலில் கலப்படம் என்பார்கள். கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பவரும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கும். ஏசியை அணைத்துவிட்டு இரண்டாவது கியரில் ஏறுங்கள்.

இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் எத்தனை பேர் சொல்கிறார்கள்! கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்போதைய இன்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரையே மூடிவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, பெட்ரோல் செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது நியூட்ரலில்தான் செலவு கூட, பிரேக் கருகுகிற நாற்றமும் இலவசம்.

சரி, ஆயிலுக்கு வருவோம். கம்பெனி இந்த இன்ஜினுக்குச் சொல்வது 0டபிள்யூ-16 என்கிற மெல்லிசான ஆயில். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துத் திரும்ப விட்டு எடுத்துப் பாருங்கள், நுனியில் இருக்கிற இரண்டு குறிகளுக்கு நடுவே தேன் நிறத்தில் ஒரு படலம், சொட்டவே மாட்டேன் என்று கனமாகத் தொங்காமல் விறுவிறுவென்று வழிந்துவிடும். இதைப் பார்த்துவிட்டுத்தான், தண்ணி மாதிரி இருக்கு சார், நம்ம ஊரு வெயிலுக்கு இது தாங்காது, 20டபிள்யூ-50 ஊத்திடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த இன்ஜினில் பேரிங் இடைவெளி எல்லாமே மெல்லிய ஆயிலுக்கு அளந்து செய்தது. வால்வ் டைமிங்கை மாற்றுகிற விவிடி ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரும் அப்படித்தான். கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே போய்ச் சேர நேரம் பிடிக்கும், அந்தச் சில நொடியில்தான் தேய்மானம். டைமிங் செயினுக்கு மாற்றும் கெடு கிடையாது என்று பெருமையாகச் சொல்வார்கள், உண்மைதான், ஆயில் நன்றாக இருக்கும்வரை. கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதை ஊத்துங்கள்.

பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று கையேட்டில் இருக்கும். கிலோமீட்டரை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. திருமங்கலம், விருதுநகர் என்று நாலுவழிச் சாலையில் சராசரி 60-ல் ஓடினால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு இன்ஜின் சுற்றுவது 167 மணி நேரம். கோரிப்பாளையம், சிம்மக்கல், காளவாசல் என்று ஊருக்குள்ளேயே சராசரி 15-ல் ஊர்ந்தால் அதே பத்தாயிரத்துக்கு 667 மணி நேரம். மீட்டரில் ஒரே எண், ஆயிலுக்கு நாலு மடங்கு வேலை. அதிலும் அண்ணா நகரிலிருந்து கோயில் வரை, கடை வரை என்று மூணு கிலோமீட்டர் ஓட்டமாகவே இருந்தால் ஆயில் முழுச் சூட்டுக்கே வராது, எரியாத பெட்ரோலும் ஈரமும் அதிலேயே தங்கும். வருஷத்துக்கு மூவாயிரம்தான் ஓடியது என்றாலும் ஆயிலை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அப்பப்போ அழகர்கோயில் வரை போய்விட்டு வாருங்கள், வண்டிக்கும் நல்லது, தோசையும் கிடைக்கும்.

இப்போது தண்ணி. மதுரையில் பல இன்ஜின்கள் பாழாவது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். நம்ம போர் தண்ணி எப்படி என்று ஹீட்டர் ராடில் பிடிக்கிற வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்தாலே தெரியும், அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் பிடிக்கிறது. கூலண்ட் குறைந்திருக்கு என்று யாராவது குழாய்த் தண்ணியை ஒரு பாட்டில் ஊத்திவிடுவார்கள், அடுத்த மாசம் இன்னொரு பாட்டில், கொஞ்ச நாளில் உள்ளே கூலண்ட் என்று ஒன்று பேருக்குத்தான் இருக்கும். கூலண்ட் சூட்டைக் கடத்த மட்டும் இல்லை, துருப் பிடிக்காமல் காப்பதும் அதுதான், பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை 107 டிகிரி வாக்கில் ஏறும், மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். கேன் தண்ணியும் கூடாது. ரெடி மிக்ஸ் கூலண்ட் வாங்குங்கள், கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். இன்ஜின் ஆறியபிறகு ரிசர்வ் டேங்கில் அளவு பாருங்கள், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அளவு அடிக்கடி குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், ஊத்தி ஊத்தி ஓட்டாதீர்கள். இன்ஜினின் மேல்மூடியான ஹெட் அலுமினியம், ஒரே ஒரு முறை நன்றாகச் சூடேறினால் வளைந்துவிடும், அப்புறம் லேத்தில் கொடுத்து ஃபேஸ் பண்ணு, கேஸ்கட் மாத்து என்று செலவு எங்கேயோ போகும். சில சின்ன வண்டிகளில் சூடு காட்டுகிற முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான், அது எரிந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரங்கட்டுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. லாரி போகிற புழுதி ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் கொஞ்சம் முன்னாடியே மாற்றுங்கள். ஃபேன் பெல்ட்டில் கீச்சுச் சத்தமோ விரிசலோ வந்தால் தள்ளிப்போடாதீர்கள், வாட்டர் பம்ப்பும் அதில்தான் ஓடுகிறது. வயரைக் கடிக்கிற எலி மட்டும் என்ன வைத்தாலும் வரும்.

சர்வீஸுக்கு விட்ட இடத்தில் கையெழுத்துப் போடும்போது டீகார்பனைசிங் (கரி நீக்குவது), இன்ஜின் ஃப்ளஷ், ஆயில் அடிட்டிவ் என்று பில்லில் மூணு வரி எனக்கு ஏற்கெனவே டிக் ஆகியிருந்தது. மூணையும் அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். டூயல்ஜெட்டில் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், இரண்டுமே வால்வுக்கு வெளியே, காற்று உள்ளே போகிற வழியான போர்ட்டில் தெளிப்பவை. பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே உள்ளே போகிறது, நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கிற இன்ஜின்களுக்கு வருகிற அந்தக் கரிப் பிரச்சினை இதில் அவ்வளவாக வராது. ஐடிலிங்கில் தடுமாறினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள், போதும்.

பெட்ரோலில் கலக்கிற 20 சதவீத எத்தனால் பற்றியும் மாமா கேட்டார். கம்பெனி வண்டிகள் அதற்கேற்ற ரப்பர், பைப்போடு வர ஆரம்பித்தது 2023 ஏப்ரலில் இருந்து. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூணில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் 10 சதவீதக் கலவையிலிருந்து 20-க்குப் போனால் மூணு நாலு சதவீதம் மைலேஜ் இறங்குவது கணக்குக்குச் சரி. அதற்கு மேல் இறங்கினால் வேறெங்கோ பழுது. 2021 வண்டி வாங்குகிறீர்கள் என்றால் பெட்ரோல் ஹோஸ்களை ஒருமுறை தடவிப் பாருங்கள், மாசக்கணக்கில் நிறுத்திவைக்கிற பழக்கம் இருந்தால் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது புரோக்கரிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். பானட்டைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால்தான் சாவியைப் போடுங்கள். முதல் சில நொடியில் செயின் பக்கமிருந்து கடகடவென்று சத்தம் வருகிறதா, ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா, ரிசர்வ் டேங்கில் நிறம் இருக்கிறதா இல்லை வெறும் தண்ணியா, இந்த மூணையும் பார்த்தபிறகு சர்வீஸ் பில்லைக் கேளுங்கள். பில்லில் ஆயில் கிரேடு எழுதியிருக்கும். அதில் 20டபிள்யூ-50 என்று இருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள் மாமா, அட்வான்ஸ் கொடுக்காதீங்க.