கட்டிலில் இருந்தபடியே சைக்காலஜிஸ்டிடம் பேச: டெல்டா கிராமங்களில் நாங்கள் செய்யும் ஏற்பாடு

டயாலிசிஸ், முதுகுத்தண்டு காயம், பக்கவாதம், முடக்குவாதம் என்று நீண்டகால நோயோடு வீட்டில் இருப்பவர்களுக்குப் போன் வழியாக மனநல ஆலோசனை ஏற்பாடு செய்து தரும் வேலையில் இருக்கிறோம். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துக் கிராமங்கள்தான் எங்கள் வட்டம். வேதாரண்யம் பக்கத்திலிருந்து வீல்சேரோடு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குப் போய்வர ஒரு பகல் போய்விடும், கார் வாடகை தனி. வாராவாரம் அது நடக்காது. போனில் நடக்கும். ஆனால் உடம்பின் போக்கைப் பார்த்து நேரம் குறிக்காவிட்டால் அதுவும் சீக்கிரமே நின்றுபோகும்.

யாரைக் கூப்பிடுவது என்று தெரியாதவர்கள் முதலில் 14416-ஐ அழைக்கலாம். டெலி மானஸ் என்ற இந்த அரசு உதவி எண் 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். அவசரத்துக்கு இது மிக நல்லது. ஆனால் ஒரே ஆளிடம் மாதக்கணக்கில் பேச வேண்டியவருக்கு இது மட்டும் போதாது. அவருக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஒருமுறை நேரில் காட்டி, மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் தொடர்ந்து போனில் பேச வழி உண்டா என்று கேட்கிறோம். தனியாரிடம் போனால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவரிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். அது சைக்கியாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர் வேலை.

இனி நேரம் குறிப்பது. பெரும்பாலான இடங்களில் சிக்கல் இங்கேதான். டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பு துவண்டு கிடக்கும், அன்று வேண்டவே வேண்டாம். மறுநாள் காலை சரியாக வரும். நான்கு மணி நேரம் சும்மாதானே படுத்திருக்கிறார், மெஷினில் இருக்கும்போதே பேசட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்கு எல்லாம் கேட்கும், நடுவில் பிரஷர் இறங்கலாம், ஊசி போட்ட கையை அசைக்கவும் கூடாது. முடக்குவாதக்காரருக்குக் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் இருக்கும் என்பதால் மதியத்துக்கு மேல் வையுங்கள். முதுகுத்தண்டு காயம் உள்ளவருக்குச் சிறுநீர் எடுத்த கையோடு ஆரம்பிக்க வேண்டும். வீல்சேரில் இருந்தால் கால்மணி, அரைமணிக்கு ஒருமுறை எடையை மாற்ற வேண்டும் என்பதையும் சைக்காலஜிஸ்டிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 50 நிமிடம் உட்கார முடியாதவருக்கு 25 நிமிடமாக வாரம் இருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

முதல் அழைப்புக்கு முந்தின நாளே நோய்கள், மாத்திரைகள், ஒவ்வொன்றும் எந்த மாதம் தொடங்கியது என்று எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறோம். மனநிலை மாறியது மாத்திரை தொடங்கிய பிறகா என்று பார்க்கத் தேதி முக்கியம். ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோன் தூக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கும்; வலிப்புக்குத் தரும் லெவிட்டிராசிட்டம் சிலருக்குக் கடுகடுப்பைக் கொண்டுவரும். தைராய்டு குறைந்தாலும் மனம் சோர்ந்துதான் இருக்கும்.

போனில் ஏமாற்றும் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று படபடப்பு, வியர்வை, கைநடுக்கம் வந்தால் பயத்தால் வந்தது என்று மூச்சுப்பயிற்சியில் இறங்காதீர்கள். முதலில் குளுக்கோமீட்டர். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இன்னொன்று, முதுகுத்தண்டில் டி6 எலும்பிலோ (நெஞ்சுப் பகுதியில் ஆறாவது) அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குத் தலைவலி பிளந்து, முகம் சிவந்து வியர்ப்பது. இதையும் பதற்றம் என்று நினைத்துவிடுவார்கள். பிரஷர் ஆபத்தான அளவுக்கு ஏறுவதன் அடையாளம் அது. பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும் அல்லது சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்க்க வேண்டும். அடங்காவிட்டால் 108.

அடுத்து ரகசியம். நம் வீடுகளில் கட்டில் கூடத்தில் இருக்கிறது, திண்ணையில் எப்போதும் யாராவது இருப்பார்கள். ஹெட்செட் போட்டால் எதிர்முனைக் குரல் வெளியே கேட்காது, நோயாளி பேசுவது கேட்கும். மாமியார் இருக்கும் வீட்டில் மருமகளோ, மகன் தயவில் இருக்கும் அப்பாவோ மனம் திறந்து பேச முடியாது. வீட்டார் வயலுக்குப் போயிருக்கும் முற்பகலில் வைப்பது, சொல்ல முடியாததைத் தட்டச்சு செய்வது, ஆள் வந்துவிட்டால் "மாத்திரை போட்டாச்சு" என்பது போல ஒரு அடையாள வாக்கியம் பேசிவைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் உதவுகின்றன. பேசி முடித்ததும் "அவர் என்ன சொன்னார்?" என்று வீட்டார் சைக்காலஜிஸ்டைக் கூப்பிடுவதும் வழக்கம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை அவருக்கு உரிமையாகத் தந்திருக்கிறது. இதை வீட்டாரிடம் முதலிலேயே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டும் டவரும் சேர்ந்தே போகும். வீடியோ திணறினால் சாதாரண போன் காலுக்கு மாறிவிடுங்கள், பேச்சு அறுபடாமல் இருப்பதே பெரிது. லைன் துண்டித்தால் யார், எத்தனை நிமிடத்தில் திரும்பக் கூப்பிடுவது என்று முன்பே பேசிவையுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது துண்டித்தால், வேண்டுமென்றே வைத்துவிட்டார் என்று நோயாளி நினைத்துக்கொள்கிறார். ஆடி மாதம் கோயில் ஒலிபெருக்கி நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளைக் கேட்பார்கள். ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண். 10-ம் அதற்கு மேலும் வந்தால் கவனிப்பார்கள். ஆனால் அசதி, பசியின்மை, தூக்கக் கேடு மூன்றும் சிறுநீரக நோயிலேயே உண்டு. நோயால் வந்தது எது, போன மாதத்தைவிடக் கூடியிருப்பது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ஒரு மதிப்பெண் வந்தாலும் அன்றே பேசியாக வேண்டும். "இனி டயாலிசிஸுக்குப் போகலை" என்று அவர் சொன்னால் சலிப்பில் சொல்கிறார் என்று விட்டுவிடாமல் அதையும் சொல்லுங்கள்.

சைக்காலஜிஸ்ட் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார். ஆபத்து என்று தெரிந்தால் அவர் யாரை அனுப்புவது? ஓடிவரக்கூடிய இருவர் நம்பரும், பக்கத்து அரசு மருத்துவமனையின் பெயரும், முழு முகவரியும் அவரிடம் இருக்க வேண்டும். கீழத்தெரு, மேலத்தெரு எல்லா ஊரிலும் உண்டு. எந்த வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, எந்த ரேஷன் கடைக்கு எதிர்ச் சந்து என்பதுவரை எழுதி, முதல் அழைப்புக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.