பால்க்லாந்து போரில் பின்னால் சென்ற கப்பல்கள்

1982 ஏப்ரலில், அர்ஜென்டீனா கைப்பற்றிய தென் அட்லாண்டிக்கின் பால்க்லாந்து தீவுகளை மீட்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படை அணி என்றதும் ஹெர்மிஸ், இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பல்களே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. என் கவனமோ அவற்றுக்குத் துணையாகச் சென்ற கப்பல்களின் மீதே நிற்கிறது. பிரிட்டனிலிருந்து ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் தொலைவில், வழியில் அசென்ஷன் தீவைத் தவிர வேறு தளமே இல்லாத நிலையில், எண்ணெய்க் கப்பல்கள் இல்லையென்றால் எந்தப் போர்க்கப்பலும் அங்கே நீடித்திருக்க முடியாது. இரு கப்பல்கள் ஒரே வேகத்தில் அருகருகே செல்ல, இடையே கட்டிய வடத்தில் தொங்கும் தடித்த குழாய் வழியே எரிபொருள் பாயும். சுக்கான் சற்றுப் பிசகினாலும் மோதல்தான்.

வணிகக் கப்பல்களையும் அரசு கையகப்படுத்தியது. கான்பெரா என்ற உல்லாசக் கப்பல் ஹெலிகாப்டர் தளம் பொருத்தப்பட்டுப் படைவீரர்களைச் சுமந்தது. உகாண்டா மருத்துவமனைக் கப்பலாயிற்று.

சரக்குப் பெட்டகக் கப்பலான அட்லாண்டிக் கன்வேயரின் கதை வேறு. மே 25 அன்று அர்ஜென்டீன விமானங்கள் ஏவிய எக்சோசெட் ஏவுகணைகள் தாக்கியதில் 12 பேர் இறந்தனர். கப்பலில் இருந்த, பெருஞ்சுமை தூக்கும் மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் எரிந்தன. அப்போது வானில் இருந்த ஒரே ஒரு சினூக் மட்டும் தப்பியது. அதனால், ஹெலிகாப்டரில் செல்லவேண்டிய வீரர்களில் பலர் பெருஞ்சுமையுடன் சதுப்பு நிலத்தை நடந்தே கடந்தனர். ஒரு போர்க்கப்பலின் இழப்பைவிட இதுவே தரைப்போரை அதிகம் பாதித்தது என்பேன்.