மூச்சை எண்ண ஒரு மாட்டுப்பட்டி

ஆனாபானசதி என்ற மூச்சைக் கவனிக்கும் பௌத்தத் தியானத்தைப் பழகத் தொடங்கியவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கவனத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மூச்சோடு சேர்ந்து உள்ளேயும் வெளியேயும் ஓடிக் களைத்துப்போவது. இதற்கான விடை 5ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாக எழுதப்பட்டுவிட்டது. இலங்கையின் அனுராதபுரம் மகாவிகாரையில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி பாலி மொழியில் தொகுத்த விசுத்திமக்கம் என்ற நூலின் 8ஆம் அத்தியாயத்தில் அது இருக்கிறது. ஆனால் விடை முழுக்க உவமைகளுக்குள் இருப்பதால், படிப்பவர்கள் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள்.

(புத்தகோசருக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற மூத்த துறவியுடன் தங்கியிருந்ததை, புத்தரின் போதனைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்துக்கு எழுதிய உரையின் முடிவில் அவரே குறிப்பிடுகிறார். விசுத்திமக்கத்துக்கு உரை எழுதிய தம்மபாலரும் தென்னாட்டில் வாழ்ந்தவர்தான்.)

முதல் வேலை எண்ணுவது. அதற்கு மூன்று விதிகள். ஐந்துக்குக் கீழே நிறுத்தக் கூடாது. பத்துக்கு மேலே போகக் கூடாது. நடுவில் எண்ணை விடக் கூடாது. ஐந்துக்குக் கீழே நிறுத்தினால், நெருக்கமான பட்டியில் அடைத்த மாடுகள் போல மனம் திமிறும். பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். பதினேழு, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டே வேறெதையோ யோசிக்க முடியும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் எண்ணை விட்டு விட்டு எண்ணினாலோ, ‘தியானம் முடிந்ததா, இல்லையா’ என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆரம்பத்தில் மெதுவாக எண்ண வேண்டும், நெல் அளப்பவனைப் போல. மரக்காலை நிரப்பி ‘ஒன்று’ என்று சொல்லிக் கொட்டுவான். மறுபடி அள்ளும்போது குப்பை கண்ணில் பட்டால் அதைப் பொறுக்கி எறிந்தபடியே ‘ஒன்று, ஒன்று’ என்பான். அப்படியே ‘இரண்டு, இரண்டு’ என்று போகும். உள்மூச்சோ வெளிமூச்சோ, எது முதலில் தெளிவாகத் தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கிப் ‘பத்து, பத்து’ வரை எண்ணுவது இந்த முறை. அந்தக் குப்பையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: எண்ணம் ஒன்று குறுக்கே வந்தால் அதை எடுத்துப் போட்டுவிட வேண்டியதுதான், அதற்காக எண்ணிக்கையை நிறுத்த வேண்டியதில்லை. நம் களத்துமேட்டில் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்பார்கள். இங்கே அது வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, எண்ணுக்கு ஏற்ப மூச்சை இழுப்பது. நெஞ்சு இறுகினாலோ, இடையிடையே பெருமூச்சு விடத் தோன்றினாலோ அதுதான் நடக்கிறது என்று அர்த்தம். மூச்சு வந்த பிறகு எண் வர வேண்டும். எண்ணைச் சொல்லிவிட்டு மூச்சுக்காகக் காத்திருக்கக் கூடாது.

மெதுவாக எண்ணி எண்ணி மூச்சு தெளிவானதும் வேகத்துக்கு மாற வேண்டும். இங்கேதான் மாட்டுக்காரன் வருகிறான். விடியற்காலையில் மடியில் கூழாங்கற்களைக் கட்டிக்கொண்டு, கயிறும் கோலுமாகப் பட்டிக்குப் போகிறான். மாடுகளைத் தட்டி எழுப்பிவிட்டு, வாசல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். ஒவ்வொரு மாடும் வாசலுக்கு வந்ததும் ஒரு கல்லைப் போட்டு எண்ணுகிறான். இராத்திரி முழுக்க நெருக்கத்தில் கிடந்தவை முண்டியடித்துக் கூட்டமாக வருவதால் ‘மூன்று, நான்கு, ஐந்து’ என்று வேகமாக எண்ண வேண்டியிருக்கிறது. அதற்காக அவன் பட்டிக்குள் போய் மாட்டைத் தேடுவதுமில்லை, மேய்ச்சல் வரை பின்னால் போவதுமில்லை.

வாசல் என்பது மூச்சு தொடும் இடம். மூக்கு நீளமானவர்களுக்கு நாசியின் நுனி, குட்டை மூக்குக்காரர்களுக்கு மேலுதடு என்கிறது நூல். இரண்டில் எங்கே உரசல் தெரிகிறதோ அங்கேயே இருந்துவிடலாம். ஒரே அமர்வுக்குள் இடத்தை மாற்ற வேண்டாம். எண்ணும் வரிசை இது: ஒன்று முதல் ஐந்து வரை, அடுத்து ஒன்று முதல் ஆறு வரை, பிறகு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. முடிந்ததும் மறுபடி ஐந்திலிருந்து. எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று நினைவில் வைத்தாக வேண்டும் என்பதால் தூக்கக் கலக்கத்தில் இதை எண்ண முடியாது. சும்மா பத்து பத்தாக எண்ணுவதைவிட இந்த ஏறுவரிசையைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

மூச்சோடு உள்ளே போனால் என்ன ஆகும் என்பதையும் நூல் சொல்கிறது. உள்ளே காற்று மோதுவது போலவும், கொழுப்பு அடைத்துக்கொண்டது போலவும் தோன்றும். வெளியே போனால் மனம் கண்டதிலும் சிதறும். வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும் பர்மிய முறை வேறு, அது தனியாக முழுமையான பயிற்சி. இதில் பாதி, அதில் பாதி என்று கலப்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

எவ்வளவு நாள் எண்ணுவது? எண்ணாமலே கவனம் மூச்சில் நிற்கும் வரைக்கும்தான். அதன் பிறகு எண் ஒரு சுமை. எண்ணை விட்டதும் மறுபடி மூச்சின் பின்னால் ஓடும் ஆசை வரும். அதற்கு மூன்று உவமைகள் இருக்கின்றன. ஊஞ்சலைத் தள்ளிவிட்டு அதன் கம்பத்தடியில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பலகையின் இரு முனையும் நடுவும் அங்கிருந்தே தெரிகின்றன. வாயிற்காவலன் வாசலுக்கு வந்தவனை மட்டும் விசாரிக்கிறான்; ஊருக்குள் இருப்பவனும் வெளியே போனவனும் அவன் பொறுப்பல்ல. மூன்றாவது ரம்பம். தரையில் கிடத்திய மரத்தை ஒருவன் அறுக்கிறான். பல் மரத்தைத் தொடும் இடத்தில் அவன் கவனம் இருக்கிறது. வரும் பல்லையோ போகும் பல்லையோ அவன் பார்ப்பதில்லை, ஆனால் அவை வந்து போவது அவனுக்குத் தெரியாமலும் இல்லை. மூச்சு நீளமா குட்டையா என்பது தொடும் இடத்தில் இருந்தபடியே தெரிந்துவிடும் என்பதைத்தான் ரம்பம் சொல்கிறது. மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் ரம்பத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல் மூச்சு காணாமல் போவது. மற்ற தியானப் பொருள்கள் பழகப் பழகத் தெளிவாகும். மூச்சு மட்டும் பழகப் பழக நுண்ணியதாகும். தட்டிய வெண்கல மணியின் ஓசை தேய்வது போலத் தேய்ந்து, ஒரு கட்டத்தில் இல்லவே இல்லை என்று தோன்றும். பலர் பயந்து வேண்டுமென்றே ஒரு மூச்சு இழுப்பார்கள், அத்துடன் அதுவரை சேர்ந்த அமைதி கலைந்துபோகும். எழுந்தும் போகக் கூடாது. மூச்சில்லாதவர்கள் யார் என்று அங்கேயே உட்கார்ந்து எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் புத்தகோசர்: கருவில் இருப்பவர், நீரில் மூழ்கியவர், இறந்தவர், நான்காம் தியானம் என்ற மிக ஆழ்ந்த ஒருமை நிலையில் இருப்பவர் என்று பட்டியல் நீள்கிறது. நாம் இவர்களில் யாருமில்லை. ஆகவே மூச்சு இருக்கிறது, நம் கவனம்தான் அந்த அளவுக்குக் கூர்மையாகவில்லை.

பிறகு செய்ய வேண்டியதை உழவன் காட்டுகிறான். உழுது முடித்து அவிழ்த்துவிட்ட எருதுகள் காட்டுக்குள் போய்விட்டன. அனுபவசாலி காடு முழுக்கத் தடம் பார்த்து அலைவதில்லை. கயிறும் தார்க்கோலும் எடுத்துக்கொண்டு நேரே அவை தண்ணீர் குடிக்கும் துறைக்குப் போய் உட்கார்ந்தோ படுத்தோ காத்திருக்கிறான். மேய்ந்துவிட்டு அவை அங்கே வந்துதான் ஆக வேண்டும். கயிறு என்பது நினைவு, கோல் என்பது அறிவு, துறை என்பது மூச்சு வழக்கமாகத் தொடும் இடம்.

இப்படிக் காத்திருப்பவருக்கு நிமித்தம் என்ற அடையாளம் தோன்றலாம். ஒருவருக்குப் பஞ்சின் தொடுகை போல, இன்னொருவருக்கு நட்சத்திரம், முத்துக்குவியல், புகை, சிலந்தி வலை, நிலா வட்டம் போல. அதன் நிறத்தை ஆராயக் கூடாது. மாணவர் இதைச் சொன்னால் குரு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதில் பழைய ஆசிரியர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. தீக நிகாயம் என்ற போதனைத் தொகுப்பை மனப்பாடமாக ஓதிவந்தோர், ‘இதுதான் நிமித்தம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லாமல் பயிற்சியைத் தொடரச் சொல்ல வேண்டும் என்றார்கள்: ஆம் என்றால் மெத்தனம் வரும், இல்லை என்றால் மனம் விட்டுப்போகும். மஜ்ஜிம நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பை ஓதிவந்தோர், ‘நிமித்தம்தான், நல்லது, தொடருங்கள்’ என்று சொல்லலாம் என்றார்கள். குரு பக்கத்தில் இல்லாமல் பழகுபவர் முதல் கட்சியைப் பின்பற்றுவது நல்லது: தோன்றி மறையும் ஒளிக்குப் பெயர் வைக்காமல், அது நிலைக்கும் வரை தொடும் இடத்தை விட்டு அசையாமல் இருக்கலாம்.