ஜெராக்ஸ் மெஷினும் தென்காசிச் சாரலும்

ஒரே மெஷினுக்காகத் திருநெல்வேலியிலிருந்து தென்காசிப் பக்கம் நான்கு தடவை போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒழுங்காக நடந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. காப்பியர் இன்ஸ்டால் செய்வதும் சர்வீஸ் பார்ப்பதும்தான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. அப்படியும் இந்த ஒரு மெஷின் என்னை நன்றாக அலைய வைத்துவிட்டது. புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கும், அலுவலகத்துக்குப் புது மெஷின் வாங்குகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வாங்கியது ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். ஜூன் மாதம், பள்ளி திறந்து பரபரப்பாக இருந்த நேரம். ஏ3 வரை காப்பி, பிரிண்ட், ஸ்கேன் எல்லாம் செய்யும் மெஷின்; ஸ்டாண்டோடு சேர்த்தால் நான்கு பேர் தூக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாளே போன் செய்து கேட்டேன். "சார், ஏர்த்தோட 15 ஆம்ப் பிளக் இருக்கா?" அலுவலகக் கிளார்க், "எல்லாம் இருக்கு, நீங்க வாங்க" என்றார். நம்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பிளக் இருந்தது உண்மைதான். மீட்டரை வைத்துப் பார்த்தால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட், சரி. பேஸுக்கும் ஏர்த்துக்கும் வைத்தால் அளவு ஓரிடத்தில் நிற்கவில்லை. சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை.

"பழைய மெஷின் பத்து வருஷம் இதுலதான ஓடுச்சு? உங்க மெஷின் மட்டும் ஓடாதா?" என்று கிளார்க் கோபப்பட்டார். வேறு வழி என்று அவர் காட்டிய பிளக், இன்வெர்ட்டர் லைன். அதில் போடவே கூடாது. பொடியை உருக்கித் தாளில் பிடிக்கவைக்கும் ஃபியூசர் சூடாகும் நேரத்தில் மெஷின் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். அலுவலகத்து ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கிய இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. தலைமையாசிரியர் தன்மையாகத்தான் கேட்டார், "போட்டுட்டுப் போங்க தம்பி, அப்புறம் எலக்ட்ரீசியனை வச்சுப் பார்த்துக்கலாம்" என்று. அந்த 'அப்புறம்' வராது என்று எனக்குத் தெரியும். ஏர்த் இல்லாத காப்பியரைத் தொட்டால் கை சுரீர் என்கும். பிள்ளைகள் வந்து போகும் இடம். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியைப் பிரிக்காமல் அறையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். வண்டி வாடகையும் லோடுமேன் கூலியும் யார் தலையில் என்று எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் பேச்சு ஓடியது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். 'இருக்கா' என்று கேட்பதில்லை. உங்கள் எலக்ட்ரீசியனை மூன்று அளவும் எடுக்கச் சொல்லி, மீட்டரைப் போட்டோ பிடித்து அனுப்புங்கள் என்கிறேன். நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் நடுவில் மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால்தான் வண்டி கிளம்பும்.

ஏர்த் போட்டுவிட்டோம் என்று நான்காம் நாள் போன் வந்தது. போனேன், அளந்தேன், சரியாக இருந்தது. டேப்புகளை உரித்து, வழியில் ஸ்கேனர் அசையாமல் பிடித்திருக்கும் லாக்கை எடுத்து, மட்டம் பார்த்து, டோனர் பொடி போட்டு, நெட்வொர்க்கில் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் மெஷின் ஓடியது. புதுத் தம்பிகளுக்கு ஒன்று: ஸ்கேனர் லாக்கை மறந்து சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். கர்ரென்று ஒரு சத்தம் வரும், வாங்கியவர் முகம் மாறிவிடும்.

தப்பு நடந்தது அதற்குப் பிறகு. யாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். தலைமையாசிரியர் வந்து நின்றார். ஐந்து நிமிடத்தில் போன் வந்து போய்விட்டார். கிளார்க், "தெரியும் தெரியும், பத்து வருஷமா பார்க்கிறதுதான்" என்று இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டை வாங்கி, 'பயிற்சி அளிக்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு சீலும் வைத்துக் கொடுத்தார். அவ்வளவு நேரமும் ஒரு அம்மா காப்பி எடுக்க வேண்டிய தாள்கட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் யார் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்ற அவசரம்.

ஒன்பதாம் நாள் புகார் வந்தது. "புது மெஷின் கறுப்புக் கோடு போடுது. மாத்திக் கொடுங்க." போனிலேயே கேட்டேன்: மேலே தாளை வைத்துத் தானாக இழுக்கும்போது மட்டும் கோடு வருகிறதா, கண்ணாடியில் வைத்து எடுத்தாலும் வருகிறதா? "எல்லாத்துலயும் வருது" என்றார் கிளார்க். அப்படியானால் டிரம்மாக இருக்கலாம்; எழுத்தைத் தாளுக்கு மாற்றும் உருளை அது. டிரம்மையும் எடுத்துக்கொண்டு, ஆலங்குளம் தாண்டி பாவூர்ச்சத்திரத்தில் மழையில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன்.

கண்ணாடியில் வைத்து எடுத்தேன். கோடு இல்லை. மேலே வைத்து இழுக்கவிட்டேன். கோடு. பெரிய கண்ணாடிக்கு இடது பக்கம் விரல் அகலத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டை இருக்கும். மேலிருந்து இழுக்கும் தாள் அதன்மேல் ஓடும்போதுதான் மெஷின் படிக்கிறது. அந்தப் பட்டையில் கடுகளவு ஒயிட்னர் காய்ந்து ஒட்டியிருந்தது. அழுக்கு ஒரே இடத்தில் நிற்க, தாள் ஓடுகிறது. அதனால் புள்ளி கோடாகிவிடுகிறது. ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு நிமிட வேலை. டிரம் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

"இங்கே தினமும் காப்பி எடுக்கிறது யார்?" என்று அப்போதுதான் கேட்டேன். வாசலில் நின்றிருந்த அதே அம்மா வந்தார். அலுவலக உதவியாளர். "நான்தான் தம்பி எடுக்கேன். மேல வச்சாத்தான் கோடு வருது, கண்ணாடியில வச்சா வரலன்னு மொத நாளே சொன்னேனே" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த நான் கேட்ட கேள்விக்கான பதிலை, மெஷின் பக்கத்தில் நின்றவர் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார். போனை அவர் கையில் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. அன்றைக்கு நானும் அவரைக் கூப்பிடவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்று கிளம்பவில்லை. அந்த உதவியாளர் அக்காவோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மை எங்க தம்பி ஊத்தணும்?" என்பது. மை இல்லை, பொடி என்றதும் நம்பவில்லை. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குப் பக்கத்தில் வைத்தால் துள்ளி ஒட்டுமே, அதேதான் உள்ளே நடக்கிறது என்றேன். டிரம்மில் எழுத்து வர வேண்டிய இடத்தில் மட்டும் மின்விசையால் பொடி ஒட்டும், பிறகு தாளுக்கு மாறும், கடைசியில் ஃபியூசர் சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும். செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22-ஆம் தேதி நியூயார்க்கில் முதன்முதலாக எடுத்த நகலும் இப்படித்தான். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து, பொடி தூவி, மெழுகுத் தாளில் சூடு காட்டி எடுத்தார். ஒரு கம்பெனியின் பேட்டன்ட் பிரிவு வேலையில் திரும்பத் திரும்ப நகல் எழுதிச் சலித்துப்போனவர் அவர் என்றதும் அக்கா சிரித்தார். "அவுகளுக்கும் என்னைய மாதிரி பாடுதான்."

வித்தை புரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டோனர் சேலையில் கொட்டினால் சுடுதண்ணீர் ஏன் கூடாது? சூட்டில் உருகிப் பிடித்துவிடும். உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். இதை நான் சொல்லும் முன்பே அவர் சொன்னார்.

அப்புறம் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இது முக்கியம். நாம் செய்துகாட்டினால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அவர்கள் கை செய்தால்தான் நிற்கும். வேண்டுமென்றே தாளைச் சிக்கவைத்தேன். முதல் தடவை ஒரு கையால் வெடுக்கென்று இழுத்தார், கிழிந்தது. உள்ளே தங்கிய துண்டு நகத்தளவு இருந்தாலும் சென்சார் 'ஜாம்' என்றேதான் சொல்லும் என்று காட்டினேன். இரண்டாம் தடவை கதவைத் திறந்து, பச்சைப் பிடியைத் திருப்பி, இரண்டு கையாலும் தாள் போகும் திசையிலேயே மெதுவாக உருவினார். முழுத்தாளாக வந்தது. ஃபியூசர் பக்கம் மட்டும் ஆறும்வரை கை வைக்காதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன். ஸ்டேப்ளர் பின்னை எடுக்காமல் மேலே வைத்தால் கண்ணாடிப் பட்டையில் கீறல் விழும், அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது என்பதையும். திரையில் எல்லாம் ஆங்கிலம். அதனால் அடிக்கடி வரும் நான்கு செய்திகளைத் தமிழில் எழுதி, எந்தக் கதவு என்று படமும் போட்டு மெஷின் பக்கவாட்டில் ஒட்டினேன். என் நம்பரை அவர் போனில் பதிந்து கொடுத்தேன்.

நான்காவது பயணம் என் தவறுதான், யாரையும் சொல்ல முடியாது. ஜூலையில் அக்காவே கூப்பிட்டார். "தம்பி, பேப்பர் சுருண்டு வருது, ரெண்டு மூணா சேர்த்து இழுக்குது. எழுத்து அங்கங்க வெளிறியிருக்கு." தாளைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. போனேன். ஊருக்குள் நுழையும்போதே முகத்தில் சாரல். அறைக்குள் போனதும் புரிந்தது. செங்கோட்டைப் பக்கம் மலை இடைவெளி வழியே வரும் சாரல் காற்று நேரே அடிக்கும் ஜன்னல். அதன் கீழே பிரித்துப்போட்ட நான்கு ரீம் தாள். ட்ரேயில் வெள்ளிக்கிழமை வைத்த கட்டு திங்கள்வரை அப்படியே. தொட்டால் துவண்டது.

தாளில் ஈரம் ஏறினால் மின்னேற்றம் நிற்காது, பொடி சரியாக ஒட்டாது. ஃபியூசர் சூட்டில் ஈரம் ஆவியாகித் தாளும் சுருளும். குற்றால சீசனில் தென்காசியில் மெஷின் வைத்துவிட்டு இதைச் சொல்லாமல் வந்தவன் நான். பிரிக்காத ரீம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டேன். ஐம்பது தாள், ஒரு ஜாம் இல்லை.

ரீம்கள் ஸ்டீல் பீரோவுக்குப் போயின. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ட்ரேயில் வைப்பது, மிஞ்சியதை அதே உறையில் சுற்றி டேப் போடுவது என்று ஏற்பாடு. சில மெஷின்களில் ட்ரேக்கு அடியில் ஈரம் போக்கும் சின்ன ஹீட்டர் மாட்டலாம். மலையடி ஊர்க்காரர்கள் வாங்கும்போதே கேளுங்கள். மாட்டினாலும் ராத்திரி சுவரிலுள்ள பிளக் சுவிட்சை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும்.

இதற்கிடையில் கிளார்க் எங்கள் அலுவலகத்துக்குப் புகார்க் கடிதம் எழுதியிருந்தார், பயிற்சி தரவில்லை என்று. அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன், விஷயம் அதோடு முடிந்தது. தம்பிகளே, அந்தக் காகிதத்தை ஒருபோதும் வாங்காமல் வராதீர்கள். ஆனால் என் ரிப்போர்ட்டில் இப்போது கையால் ஒரு வரி சேர்க்கிறேன்: 'தினமும் இயக்குபவர் பெயர்.' அங்கே பெயர் விழுந்து, அவரே ஒரு ஜாமை எடுத்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து.

ஆகஸ்டிலிருந்து அங்கிருந்து ஒரு சர்வீஸ் கால்கூட வரவில்லை. மாதக் கடைசியில் மெஷின் கவுன்ட்டரில் உள்ள காப்பி எண்ணிக்கையை அக்காவே போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார். போன மாதம் டோனரை மாற்றிவிட்டு, குலுக்கிப் போட்டேன், காலி பாட்டிலைப் பையில் கட்டி வைத்திருக்கிறேன் என்று செய்தி அனுப்பினார். கூடவே ஒரு கேள்வி: "டிரம் மாத்த வருவீங்கள்ல, அன்னைக்கு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல வச்சுக் காட்டுவீங்களா தம்பி?"

கவுன்ட்டர் கணக்குப்படி அது மார்ச்சில் வரும். டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.