பேக்கப் இருக்குல்லா தம்பி?

"கம்ப்யூட்டரைத் தூக்கி மாடில வச்சிரவா தம்பி?" என்று, நான் கணக்கு மென்பொருள் பார்த்துக்கொடுக்கிற கடையின் அண்ணாச்சி போனில் கேட்டார். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும்.

"அதை விடுங்க அண்ணாச்சி, பேக்கப் இருக்கு. முதல்ல சீனி மூட்டையை ஏத்துங்க" என்றேன்.

"இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி."

அவ்வளவுதான் பேச்சு. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் ஊர்ப் பேச்சில் இந்த "ல்லா" ஒரு தனி விஷயம். ஆமாம் என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் அதைப் போடுவோம். ஆனாலும் இல்லை என்று சொல்லவும் அதில் கொஞ்சம் இடம் இருக்கும். அண்ணாச்சி அந்த இடத்தைக் கொடுத்தார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அப்போது நான் பொய் சொல்லவில்லை. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. தினமும் இரவு 11 மணிக்கு அந்தக் கடையின் சர்வரில், அதாவது அண்ணாச்சி கேட்ட அந்தக் கம்ப்யூட்டரில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுகிற கிரான் ஓடும். மைஎஸ்கியூஎல்டம்ப் என்கிற கட்டளை கணக்கு இருக்கிற முழு டேட்டாபேஸையும் பிரதி எடுக்கும், ஜிசிப் என்கிற இன்னொரு கட்டளை அதைச் சுருக்கும், பிறகு அது கூகுள் டிரைவுக்குப் போகும். "பேக்கப் முடிந்தது" என்று என் போனுக்கு ஒரு செய்தி வரும். முந்தின நாள் இரவும் வந்தது. அதை நம்பிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடையில் இரண்டு பையன்கள்தான் இருந்தார்கள். திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில், கடை இருக்கிற தெருவில் தண்ணீர் நிற்க ஆரம்பித்திருந்தது. சரக்கு முதலில் என்று சொன்னது சரியான யோசனைதான்.

ஆனால் அந்தப் பெட்டியின் வயர்களைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோக ஐந்து நிமிடம் போதும். மூட்டைக்கும் அதற்கும் போட்டியே இல்லை. அவர் கேட்டதற்கு "வச்சிருங்க அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஏன் வேண்டாம் என்றேன்? என் வேலை சரியாக இருக்கிறது என்று காட்டத்தான் என்று இப்போது தோன்றுகிறது. பேக்கப் வைத்திருக்கிறவனுக்குப் பெட்டி முக்கியமில்லை என்று அவருக்குத் தெரியவேண்டும் என நினைத்திருக்கிறேன்.

அன்று ராத்திரியும் மறுநாளும் என்ன நடந்தது என்பது நம் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த மழை அது. தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது. போனும் இல்லை, கரண்டும் இல்லை. பாளையங்கோட்டை மேட்டில் இருந்த என் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் அண்ணாச்சி குடும்பத்தை நினைத்துக் கவலைப்பட்டேன். கணக்கைப் பற்றி ஒரு நிமிடம்கூடக் கவலைப்படவில்லை.

கரண்ட் வந்த அன்று இரவு டிரைவைத் திறந்தேன். முப்பது கோப்புகள், வரிசையாக, ஒரு நாளும் விடாமல் இருந்தன. எல்லாம் 20 பைட். அந்தக் கடையின் பேக்கப் வழக்கமாகப் பதினான்கு எம்பி வரும். ஒன்றுமே இல்லாததை ஜிசிப்பில் சுருக்கினால் கிடைக்கிற அளவு அந்த 20 பைட். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.

காரணம் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. ஆகஸ்ட் மாதம் கடையில் பில் போடுகிற பையன் வேலையை விட்டுப் போனான். நல்ல பழக்கம் என்று டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினேன். பில் போடுகிற மென்பொருளில் மாற்றினேன். பேக்கப் எடுக்கிற கோப்பில் மாற்ற மறந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் இரவு டம்ப் கட்டளை கதவைத் தட்டியிருக்கிறது. பிழை எண் 1045, அனுமதி இல்லை என்று டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் திருப்பி அனுப்பியிருக்கிறது. அந்தப் பிழைச் செய்தியை கிரான் மெயிலில் அனுப்பப் பார்க்கும். சர்வரில் மெயில் வசதி நான் போடவில்லை, அதனால் அது காற்றோடு போயிற்று.

இதைவிட மோசமானது பைப். டம்பிலிருந்து ஜிசிப்புக்குக் குழாய் போட்டுவிட்டால், கடைசியில் நிற்கிற ஜிசிப் ஜெயித்ததா என்று மட்டும்தான் கட்டளைகளை ஓட்டுகிற ஷெல் பார்க்கும். முன்னால் நின்ற டம்ப் தோற்றது அதற்குத் தெரியாது. ஜிசிப்புக்கு வேலை சரியாகத்தான் முடிந்தது, வெறும் காற்றைச் சுருக்கிக் கொடுத்தது. என் ஸ்கிரிப்ட் அதை நம்பி "முடிந்தது" என்று செய்தி அனுப்பியது. ஸ்கிரிப்ட்டின் தலையில், குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைக்கிற பைப்ஃபெயில் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால் ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கும். அல்லது நல்லபடி முடிந்த டம்ப் கடைசி வரியில் "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று எழுதி, தேதியும் நேரமும் போடும். அந்த வரி இருக்கிறதா என்று பார்த்திருந்தாலும் போதும். இரண்டும் எனக்கு முன்பே தெரிந்தவைதான். தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

இடம் அடைக்கக்கூடாது என்று முப்பது நாளுக்கு மேற்பட்டதை அழிக்கிற வரியும் நான் போட்டதுதான். செப்டம்பர் முடிவதற்குள் அது நல்ல கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்து முடித்திருக்கிறது. ஜூலையில் ஒரு சோதனைக்காக என் லேப்டாப்பில் இறக்கி வைத்த ஒரே ஒரு பிரதி மிஞ்சியது. ஐந்து மாதக் கணக்கு இல்லை.

வெள்ளத்துக்கு முன்பு, இந்த மென்பொருளை முதன்முதலில் அண்ணாச்சிக்கு விளக்கியபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பேரேடுன்னா பீரோல இருக்கு. இது எங்க இருக்கும்?" நான் குறுக்குத்துறையைச் சொன்னேன். அங்கே முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். "அது மாதிரிதான் அண்ணாச்சி. கடைல இருக்கது மூலவர். உற்சவர் தினமும் மேலக்கோயிலுக்குப் போயிருவாரு." அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அந்த வருடமே பேரேடு எழுதுவதை நிறுத்தினார். நிறுத்தச் சொன்னதும் நான்தான். இரண்டு இடத்தில் எழுதினால் தப்பு வரும் என்றேன்.

வியாழக்கிழமை கடைக்குப் போனேன். முழங்கால் அளவு சேறு. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே களிமண். அந்த டிஸ்க் பிறகு எங்கே கொடுத்தும் உயிர் பெறவில்லை. சீனி மூட்டைகள் மாடியில் காய்ந்து கிடந்தன. அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சேறு வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"மூலவர் முங்கிட்டாரு தம்பி. மேலக்கோயில்ல இருக்கவரைக் கூட்டிட்டு வாங்க."

அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகள் இவை: "அதுவும் சரியா வரல அண்ணாச்சி. கரண்ட் போயி, நெட்டு போயி... ஜூலை வரைக்கும்தான் இருக்கு."

ஒவ்வொரு துண்டாக எடுத்தால் இதில் எதுவும் பொய் இல்லை. சரியாக வரவில்லை, உண்மை. கரண்ட் போனது, உண்மை. ஜூலை வரைதான் இருந்தது, உண்மை. சேர்த்து வைத்தால் வெள்ளம்தான் கணக்கைக் கொண்டுபோனது என்று ஆகிவிடுகிறது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். "சரி. ஊருக்கே போச்சு. நமக்கு மட்டுமா? பாத்துக்கிடுவோம்" என்றார். திரும்பிச் சேறு வார ஆரம்பித்தார். நானும் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு வாரினேன். சாயங்காலம் வரை வாரினேன். இப்போது நினைத்தால் அது பரிகாரமா, பேச்சைத் தவிர்க்கச் செய்ததா என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு இரண்டு மாதம் சம்பளம் வாங்காமல் கணக்கைத் திரும்பக் கட்டினேன். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைகளின் பில்கள் நவம்பர் வரை ஆடிட்டர் தாக்கல் செய்த ரிட்டர்னில் ஒவ்வொன்றாக இருந்தன, அவை வந்துவிட்டன. பதிவு இல்லாத சின்னக் கடைகளுக்கு ரிட்டர்னில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். கடன் நிற்பதோ அவர்களிடம்தான். முக்கூடல், சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கத்துக் கடைகள். அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். "உம்ம கணக்கு எவ்வளவு நிக்கி, நீரே சொல்லும்" என்பார். சொன்னதை அப்படியே எழுதச் சொல்வார். பெரும்பாலானவர்கள் பில்லைத் தேடி எடுத்துச் சரியாகச் சொன்னார்கள். சிலருடைய பில்களும் வெள்ளத்தில் போயிருந்தன. சிலர் சொன்ன தொகை குறைவு என்று எனக்கே தெரிந்தது. அண்ணாச்சிக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு முறை அப்படி ஒரு தொகையை எழுதக் கை வராமல் நிறுத்தினேன். "எழுதுங்க தம்பி. அவன் வீட்டுலயும் தண்ணி ஏறிருக்கு" என்றார்.

அந்தக் குறைந்த பணம் வெள்ளத்தின் கணக்கா, என் கணக்கா? வெள்ளம் இல்லாவிட்டால் என் தவறு வெளியே வந்தே இருக்காது என்று ஒரு பக்கம் மனம் சொல்கிறது. என் தவறு இல்லாவிட்டால் வெள்ளம் ஒரு பெட்டியை மட்டும்தான் கொண்டுபோயிருக்கும் என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. இரண்டாவதுதான் சரி. ஆனால் முதலாவதையும் நான் இன்னும் விடவில்லை.

இப்போது என் பொறுப்பில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் மாதத்தில் ஒரு நாள் பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, கடைசி பில் எண் கடையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்க்கிறேன். கோப்பின் அளவு திடீரென்று குறைந்தால் போன் கத்தும். இதையெல்லாம் செய்கிறபோது மனம் கொஞ்சம் அடங்கும். அண்ணாச்சிக்கு இதில் ஒன்றும் தெரியாது.

போன வாரம் அவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது வடக்கு ரத வீதியில் கடை வைத்திருக்கிற ஒருவர் வந்தார். அவருக்கும் கணக்கு மென்பொருள் வேண்டுமாம். அண்ணாச்சி என்னைக் காட்டினார். "நம்ம தம்பிதான் பாக்காரு. வெள்ளத்துல போனதை ரெண்டு மாசம் ராப்பகலா இருந்து எடுத்துக் குடுத்தாரு. சம்பளம்கூட வாங்கலை" என்றார். வந்தவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். டீ வந்தது. குடித்தேன்.

நாளை மறுநாள் அந்தப் புதுக் கடைக்குப் போகவேண்டும். அண்ணாச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். போகிற வழியில் வண்டியில் வைத்து அந்த ஆகஸ்ட் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நேற்று முடிவு செய்தேன். இன்று காலையில் யோசித்தால், சொல்வது அவருக்காகவா, என் மனப்பாரம் இறங்குவதற்காகவா என்று குழப்பமாக இருக்கிறது. அந்தப் புது ஆள் என்னிடம் முதலில் கேட்கப்போவது பேக்கப் பற்றித்தான். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். குறுக்குத்துறை உதாரணத்தை அவரே எடுத்துச் சொல்லவும் செய்வார்.