குழாய்க்கு முன்னால் பட்டா: சொட்டுநீர் மானியம் பெற்ற அனுபவம்

அணைக்கட்டு வட்டம் ஒடுகத்தூரை அடுத்துள்ள எங்கள் குடும்பப் புன்செய் நிலத்தில், அம்மாவின் பங்காக வந்த மூன்று ஏக்கருக்குச் சற்றுக் குறைவான பகுதியில், அரசு மானியத்துடன் சொட்டுநீர்ப் பாசனமும் தரைமட்ட நீர்த்தேக்கத் தொட்டியும் அமைத்து முடித்திருக்கிறோம். இதே வேலையில் இறங்க நினைக்கும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதி உறவினரும் நண்பர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் குழாய் நல்லது என்பதுதான். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. மானியக் கோப்பு என்பது பெயருக்குத்தான் நீர்ப்பாசனக் கோப்பு. பக்கம் புரட்டிப் பார்த்தால் அது முழுக்க முழுக்க நிலவுரிமைக் கோப்பு.

திட்டத்தின் பண ஏற்பாடு எளிமையானது. 2015-16இல் பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின் கீழ் வந்த ‘ஒரு துளி நீரில் அதிக விளைச்சல்’ என்னும் பிரிவில், சிறு, குறு விவசாயிகளுக்கு 55 விழுக்காடும் மற்றவர்களுக்கு 45 விழுக்காடும் மானியமாக வரையறுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு தன் நிதியைச் சேர்த்து அதைச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடாகவும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடாகவும் உயர்த்தித் தருகிறது. ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட நிலம் உள்ளவர் என்று வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று கையில் இருந்தால் அந்த முழு மானியத்துக்கு வழி திறக்கும். சான்று வேண்டுமானால் பட்டா நம் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் பட்டாவோ தாத்தாவின் பெயரிலேயே இருந்தது.

வட ஆற்காட்டுக் கிராமங்களில் இது அரிதான நிலைமை அன்று. அப்பாவும் சித்தப்பாவும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு, வரப்பு போட்டு, சண்டையின்றி உழுதுவந்த நிலம் அது. குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தைக்கும் அதில் உரிமை உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் யாரும் எழுதியும் வைக்கவில்லை. எனவே தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் வாரிசுச் சான்றிதழ் பெற்று, அத்தையின் சம்மதத்தோடு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, நில அளவையர் வந்து அளந்து உட்பிரிவு செய்த பிறகுதான் அம்மாவின் பெயரில் தனிப்பட்டா கிடைத்தது. இந்தக் கட்டத்தில்தான் எங்கள் காலம் பெரும்பாலும் கழிந்தது. அதோடு ஒப்பிட்டால் குழாய் பதித்தது ஒன்றுமே இல்லை. அத்தையிடம் பேசப் போனபோது, “கையெழுத்துக்கு ஆள் அனுப்பாம நீயே வந்து கேட்ட பாரு, அது போதும்பா” என்று சொன்னார். தொலைபேசியில் கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார்தான், ஆனாலும் நேரில் போவது வேறு.

பத்திரம் எழுதும்போது ஒரு வரியை விடாமல் சேர்க்கச் சொல்வேன்: கிணற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தக் கிழமை யாருடைய முறை என்பது. நிலம் பிரிந்தாலும் கிணறு பொதுவாகவே நிற்கும். நீர் ஆதாரம் உண்டா என்பது விண்ணப்பத்தில் முதன்மையான கேள்வி. கிணறு சித்தப்பாவின் உட்பிரிவுக்குள் விழுந்துவிட்டால், அம்மாவின் நிலத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பத்திரத்தின் அந்த ஒரு வரியே ஆதாரம். எங்கள் பத்திரத்தில் அது இருந்ததால், களத்தைப் பார்க்க வந்த உதவித் தோட்டக்கலை அலுவலர் வேறெதுவும் கேட்கவில்லை.

மற்ற காகிதங்கள் விரைவாகவே சேர்ந்தன. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஒளிப்படம், மண் மற்றும் பாசன நீர்ப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை வைத்துக்கொண்டு நுண்ணீர்ப் பாசனத்துக்கான இணையப் பதிவைச் செய்தோம். வருவாய்த் துறைக் கணக்கில் வரும் பசலி ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்குவதால், அதை ஒட்டி விண்ணப்பிப்பவர்கள் நடப்புப் பசலிக்கான அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. ஆதாரிலும் பட்டாவிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதையும் எல்லாரும் சொல்வார்கள். அம்மாவின் தலைப்பெழுத்து ஆதாரில் கணவர் பெயரிலும் வங்கியில் தகப்பனார் பெயரிலும் இருந்ததைத் திருத்திய பிறகே பதிவுக்குப் போனோம். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை என்பதால், அன்று வெளியாட்களைக் களப்பார்வைக்கு அழைத்து வருவதையும் நான் தவிர்த்துவிட்டேன். சந்தை நாளில் எங்கள் சாலையில் வண்டி நகராது.

பதிவுக்குப் பின்தான் நிறுவனம் வருகிறது. அரசின் அங்கீகாரம் பெற்ற பட்டியலிலிருந்து நாமே ஒன்றைத் தேர்ந்தெடுக்க, அவர்களின் ஆள் நிலத்தை அளந்து வடிவமைப்பும் மதிப்பீடும் தயாரிக்கிறார். மானியத் தொகை நேராக நிறுவனத்துக்குப் போவதால், விவசாயி அந்த மதிப்பீட்டைப் படிக்காமலேயே கையெழுத்திட்டு விடுகிறார். முழு மானியம் என்றாலும், அது அரசு வகுத்த அலகுத் தொகைக்குள்தான். அந்த வரம்பைத் தாண்டாதபடி வடிவமைப்பைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கம் விற்பனையாளர்களிடம் உண்டு. எங்களுக்கு முதலில் வந்த மதிப்பீட்டில் திரை வடிகட்டி மட்டுமே இருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீருக்கு அது பெரும்பாலும் போதும். வெயில் படும் திறந்த கிணற்றில் பாசி வளரும். அதைப் பிடிக்க மணல் வடிகட்டி வேண்டும், இல்லையென்றால் நீர் சொட்டும் துளைகளான சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். கூடுதல் தொகையை நாங்கள் தருகிறோம், மணல் வடிகட்டியைச் சேருங்கள் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வடிவமைப்பு மாறியது. நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கோப்பில் செருகுவதற்கான காகிதமாக மட்டும் கருதக் கூடாது என்பதையும் இங்கேதான் உணர்ந்தேன். எங்கள் கிணற்று நீரில் பைகார்பனேட் அதிகம் என்று அதில் இருந்தது. அந்த உப்பு வெள்ளையாகப் படிந்து துளையை மூடும் என்பதால், அவ்வப்போது அமிலம் கலந்து குழாயைக் கழுவ வேண்டும் என்று தோட்டக்கலை அலுவலர் அதைப் பார்த்துத்தான் சொன்னார்.

மாவட்டத் தோட்டக்கலைத் துணை இயக்குநர் அலுவலகத்தின் ஒப்புதலும் பணி ஆணையும் வந்தபின், குழாய்க்குப் பள்ளம் எடுக்கும் கூலியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். குழாய் பதிப்பது சீக்கிரம் முடிந்தது. பிறகு அம்மாவை வயலில் நிறுத்தி, இட அடையாளத்துடன் படம் எடுத்து ஆய்வை முடித்தார்கள்.

தொட்டியின் கதை தனி. துணைநிலை நீர் மேலாண்மைப் பணிகள் என்ற தலைப்பில், நாங்கள் விண்ணப்பித்தபோது நீர்த்தேக்கத் தொட்டிக்குக் கன மீட்டருக்கு 350 ரூபாய் வீதம், ஒரு பயனாளிக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய் மானியம் இருந்தது. மின் மோட்டாருக்கு 15,000 ரூபாயும், பாசனக் குழாய்க்கு ஹெக்டேருக்கு 10,000 ரூபாயும், நிலத்தடி நீர் பாதுகாப்பான குறுவட்டங்களில் மட்டும் ஆழ்துளைக் கிணற்றுக்கு 25,000 ரூபாயும் அப்போது அதே தலைப்பில் அடங்கியிருந்தன. இந்த நான்கில் எங்களைப் போன்ற பொதுக் கிணற்றுக்காரர்களுக்கு உண்மையில் உதவுவது தொட்டிதான் என்பது என் கருத்து. சொட்டுநீருக்கு நாள்தோறும் சிறிது நீர் வேண்டும். கிணற்று முறையோ சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். முறை நாளில் தொட்டியை நிரப்பிக்கொண்டால் இரண்டும் பொருந்திப் போகும். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால் ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர் வேண்டும். அதிகபட்ச மானியத்துக்குரிய 114 கன மீட்டர்த் தொட்டி, எங்கள் ஒரு ஏக்கர் முள் கத்தரிக்கு ஐந்து நாள் தாங்குகிறது. மீதி நிலத்தில் மழையை நம்பி மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறோம். இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்த ஒரு ஏக்கரைக் குறைக்க அம்மாவுக்கு மனமில்லை.

ஒன்றை மட்டும் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்: தொட்டிக்கு நாம் முதலில் செலவழித்து, ரசீதுகளைக் கொடுத்து, சொட்டுநீர் அமைப்பு முடிந்ததை உறுதி செய்த பிறகே பணம் வங்கிக் கணக்குக்கு வரும். தடித்த விரிப்புப் போட்ட தொட்டிக்கு 40,000 ரூபாயைத் தாண்டிச் செலவானது. அந்த இடைவெளியை நகைக்கடன் வைத்துச் சமாளித்து, மானியம் வந்ததும் ஒரு பகுதியை அடைத்தோம். ஒருமுறை மானியம் பெற்ற நிலத்துக்கு ஏழு ஆண்டுகள் கழித்தே மீண்டும் கேட்க முடியும் என்பதால், பக்கக் குழாய்களின் நுனியைத் திறந்து கசடை வெளியேற்றும் வேலையை நாங்கள் தள்ளிப்போடுவதில்லை.

சித்தப்பாவும் இப்போது தன் உட்பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். கிணற்று மின் இணைப்பு இன்னும் தாத்தாவின் பெயரில் இருப்பதால், பெயர் மாற்றத்துக்கு எங்கள் இரு வீட்டுக் கையெழுத்தும் வேண்டியிருக்கிறது. அந்த மனுவைச் சென்ற வாரம் மின்வாரிய அலுவலகத்தில் கொடுத்தோம்.